பைத்தான் மொழியில் முழு எண்களையும் பதின்ம எண்களையும் காட்சிப்படுத்தல்: தமிழியல் ஆய்வு அட்டவணைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சொற்பரவல், யாப்பு வகைகளின் எண்ணிக்கை, கல்வெட்டு நில அளவுகள் முதலியவற்றைக் கணினிவழி எண்ணிக் காட்டும் போக்கு தமிழியல் ஆய்வில் வளர்ந்துள்ளது. இத்தகைய ஆய்வுகளில் கணக்கீட்டு முறைக்குத் தரப்படும் கவனம், கணக்கீட்டின் விளைவை எத்தனை இலக்கங்களில், எவ்வடிவில் காட்டுவது என்பதற்குத் தரப்படுவதில்லை. பைத்தான் நிரல்மொழி எண்களைச் சேமிக்கும் முறை, அவற்றைக் காட்டும் முறை ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. காட்சி வடிவத்தைத் தவறாகத் தேர்ந்தால், உள்ள வேறுபாடு அட்டவணையில் மறையவும் இல்லாத துல்லியம் தோன்றவும் கூடும் என்பதை எடுத்துக்காட்டுகளால் நிறுவுகிறது. வடிவமைத்தல் கணக்கீட்டின் இறுதிப்படியாக மட்டுமே அமையவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: பைத்தான், எண் வடிவமைப்பு, மிதவைப்புள்ளி, முழுமையாக்கல், இலக்கக் குழு, தமிழ் எண்கள், கீழ்வாய் எண்கள்.

1. முன்னுரை

ஒவ்வொன்றும் 82,450 சொற்கள் கொண்ட இரண்டு தரவகங்களை ஓர் ஆய்வாளர் ஒப்பிடுவதாகக் கொள்வோம். ஒரு குறிப்பிட்ட சொல் முதல் தரவகத்தில் 37 முறையும் இரண்டாம் தரவகத்தில் 29 முறையும் வருகிறது. இவ்வெண்ணிக்கைகளை மொத்தச் சொற்களால் வகுத்துக் கிடைக்கும் விகிதங்களைப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களோடு அட்டவணையில் இடுமாறு நிரல் எழுதப்படுகிறது. அட்டவணையில் இரண்டு தரவகங்களுக்கு எதிரேயும் 0.0004 என்ற ஒரே எண் வந்து நிற்கிறது. அதைப் படிப்பவர் இரு தரவகங்களிலும் அச்சொல் ஒரே அளவில் வழங்குகிறது என்றே முடிவு செய்வார்.

கணக்கீட்டில் இங்குப் பிழை ஏதுமில்லை. கணினியிடம் உள்ள விகிதங்கள் முறையே ஏறத்தாழ 0.00044876, 0.00035173 ஆகும். பத்து இலட்சம் சொற்களுக்கு என்று கணக்கிட்டால் அவை 448.8, 351.7 என்றாகும். பிழை, எண்ணைக் காட்டிய முறையில் உள்ளது. இந்த வேறுபாடு பொருள்பொதிந்ததா, தற்செயலானதா என்பது தனிக்கேள்வி. அதைப் புள்ளியியல் சோதனை முடிவு செய்யவேண்டுமே அன்றி, நிரலில் இடப்பட்ட ஒரு வடிவக்குறி முடிவு செய்தல் கூடாது.

இவ்வகைப் பிழைகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றை எவ்வாறு தவிர்க்கலாம் என்பனவற்றை இக்கட்டுரை பைத்தான் மொழியை அடிப்படையாகக் கொண்டு விளக்குகிறது. மேற்கண்டதும் கீழே வரும் தரவக எண்ணிக்கைகளும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. பைத்தானில் ரோமன் எழுத்துகளால் எழுதப்படும் குறிகளும் செயற்கூற்றுப் பெயர்களும் இங்கு அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன. சான்றாக, ‘.2எஃப்’ என்பதில் வரும் எஃப், நிரலில் ஒற்றை ரோமன் எழுத்தாக இடப்படுவது.

2. சேமிக்கப்படும் எண்ணும் காட்டப்படும் எண்ணும்

பைத்தான் முழு எண்ணையும் பதின்ம எண்ணையும் ஒரே முறையில் சேமிப்பதில்லை. முழு எண்ணை, நினைவகம் இடந்தரும் அளவுக்கு எத்தனை இலக்கங்கள் கொண்டதாயினும் பிழையின்றிச் சேமிக்கிறது. பதின்ம எண்ணை, பெரும்பாலான கணினிகளில், ஐ.இ.இ.இ. 754 என்னும் தரத்தின்படி 64 இருமங்களில் அடங்கும் மிதவைப்புள்ளி எண்ணாகச் சேமிக்கிறது. இத்தரம் முதன்முதலில் 1985-இல் வெளியிடப்பட்டது. இதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 இருமங்கள் அளவிலான துல்லியமே உண்டு. பதின்ம முறையில் இது ஏறத்தாழ 15 முதல் 17 பொருளுடை இலக்கங்களுக்கு நிகர்.

இருமமுறையில், பகுதியானது இரண்டின் அடுக்காக அமையும் பின்னங்களையே முழுத் துல்லியத்தோடு எழுத இயலும். இதைத் தமிழின் கீழ்வாய் எண்களைக் கொண்டு எளிதில் விளக்கலாம். அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவற்றின் பகுதிகள் முறையே 2, 4, 8, 16 ஆகும். இவை நான்கும் இரண்டின் அடுக்குகள். ஆகவே கணினி இவற்றைப் பிழையின்றிச் சேமிக்கும். மா, காணி, முந்திரி ஆகியவற்றின் பகுதிகள் முறையே 20, 80, 320 ஆகும். இம்மூன்றிலும் ஐந்து என்னும் காரணி உள்ளது. ஆகவே இவற்றை மிதவைப்புள்ளி எண்ணாகத் துல்லியமாகச் சேமிக்க இயலாது. மிக அருகிலுள்ள வேறோர் எண்ணே சேமிக்கப்படும். பத்தில் ஒன்றுக்கும் இதுவே நிலை. 0.1 என்று நிரலில் எழுதினால் கணினி சேமிப்பது 0.1000000000000000055… என நீளும் ஓர் எண்ணாகும்.

அவ்வாறாயின் 0.1 என்று இட்டதைத் திரும்பக் காட்டச் சொன்னால் 0.1 என்றே வருவது எவ்வாறு? சேமித்த எண்ணை ஐயமின்றி மீட்டெடுக்கப் போதுமான மிகக் குறைந்த இலக்கங்களை மட்டும் காட்டும் முறையைப் பைத்தான் 3.1 பதிப்பு முதல் பின்பற்றுகிறது. ஆகவே திரையில் தோன்றும் 0.1, சேமிக்கப்பட்ட எண்ணின் முழு வடிவம் அன்று. அதை அடையாளங்காட்டும் சுருக்கப் பெயராகும். 0.1 உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வருவது இதனாலேயே. கூட்டலின் விளைவு 0.3 என்னும் சுருக்கப் பெயருக்கு உரிய எண்ணிலிருந்து மிகச் சிறிதளவு விலகியுள்ளது. அந்த விலகலைக் காட்ட அத்தனை இலக்கங்கள் தேவைப்படுகின்றன.

எனவே, வடிவக்குறி எதுவும் இடாமல் பிரிண்ட் கட்டளையால் எண்ணை அச்சிடுவது, காட்சி வடிவத்தைத் தேர்வதைக் கணினியிடம் விட்டுவிடுவதாகும்.

3. வடிவக்குறியின் உறுப்புகள்

பைத்தானில் எண்ணை வடிவமைக்க மூன்று வழிகள் உள்ளன. சி மொழியைப் பின்பற்றிய விழுக்காட்டுக் குறி முறை மிகப் பழையது. 2008-இல் வெளிவந்த 2.6, 3.0 பதிப்புகளில் ஃபார்மட் முறை வந்தது. 2016 டிசம்பரில் வெளிவந்த 3.6 பதிப்பில் எஃப்-சரம் என்னும் சுருக்கமான முறை சேர்ந்தது. பிந்திய இரண்டும் ஒரே வடிவக்குறி இலக்கணத்தைப் பயன்படுத்துவதால் ஒன்றைக் கற்றால் மற்றொன்றும் கைவரும்.

எஃப்-சரத்தில் நெளிவு அடைப்புக்குறிக்குள் எண்ணின் பெயரும், அதன்பின் முக்காற்புள்ளியும், அதன்பின் வடிவக்குறியும் வரும். வடிவக்குறியில் முதன்மையான உறுப்புகள் பின்வரும் வரிசையில் அமையும்: நிரப்பு எழுத்து, ஒழுங்கமைவு, கூட்டல் கழித்தல் குறி, அகலம், இலக்கக் குழுக்குறி, புள்ளியோடு கூடிய துல்லியம், வகை. இவற்றுள் எதையும் விட்டுவிடலாம், வரிசையை மாற்றலாகாது. வகையைக் குறிக்கும் எழுத்துகளில் ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுவன நான்கு:

‘டி’ – முழு எண். 
‘எஃப்’ – நிலைத்த புள்ளி. ‘.2எஃப்’ எனின் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வரும்.
‘ஜி’ – பொருளுடை இலக்கங்களின் எண்ணிக்கையால் அமையும் பொதுவடிவம்.
‘%’ – எண்ணை நூறால் பெருக்கி விழுக்காடாகக் காட்டுவது. 0.4567 என்பதை ‘.1%’ என்னும் குறியால் வடிவமைத்தால் 45.7% என வரும்.

வடிவமைத்தலின் விளைவு எண் அன்று, எழுத்துகளாலான சரம் என்பதை இங்கு நினைவிற்கொள்ளவேண்டும். அதைக்கொண்டு மேலும் கணக்கிட இயலாது. வரிசைப்படுத்தினாலும் அகராதி முறையிலேயே அமையும். 9, 10, 100 ஆகிய மூன்றையும் சரங்களாக வரிசைப்படுத்தினால் 10, 100, 9 என்றே வரும். ஒரு சொல்லடைவில் மிகுதியாக வரும் சொற்களைத் தொகுக்கும்போது 9 முறை வந்த சொல் 100 முறை வந்த சொல்லுக்கு மேலே நின்றால், வரிசைப்படுத்துவதற்கு முன்பே எண்கள் சரமாக்கப்பட்டனவா என்று முதலில் பார்க்கவேண்டும்.

4. முழு எண்கள்: முன்சுழியும் இலக்கக் குழுவும்

சரங்களின் இந்த அகராதி வரிசை தொல்லையாக அமைவது போலவே பயனாகவும் அமையலாம். திருக்குறளின் 1,330 குறள்களையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமிப்பதாகக் கொள்வோம். கோப்புப் பெயரில் 1, 2, 3 என இட்டால் பெயர்களை எழுத்துமுறையில் வரிசைப்படுத்தும் கருவிகளில் 1-ஐ அடுத்து 10, 100, 1000 ஆகியவை வந்து நிற்கும். ‘04டி’ என்னும் வடிவக்குறியை இட்டால் 7 என்பது 0007 என்றும் 42 என்பது 0042 என்றும் ஆகும். நான்கு இடங்கள் நிரம்பும் வரை முன்னால் சுழி இடப்படுவதால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடும். சுவடி எண், கல்வெட்டு எண் முதலிய அடையாள எண்களுக்கும் இம்முறை பொருந்தும்.

பெரிய எண்களை எளிதில் படிக்க இலக்கங்களைக் குழுவாகப் பிரிக்கிறோம். பைத்தானில் காற்புள்ளியை வடிவக்குறியாக இட்டால் 1234567 என்பது 1,234,567 என்று வரும். 2.7, 3.1 பதிப்புகளில் வந்த இவ்வசதி மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்கும் முறையை மட்டுமே அறியும். இலட்சம், கோடி என்னும் வழக்கில் இதே எண் 12,34,567 என்று எழுதப்படவேண்டும். நிரலில் எண்ணை இடும்போது இலக்கங்களுக்கிடையே அடிக்கோடு இட்டு 12_34_567 என எழுதப் பைத்தான் 3.6 முதல் இசைவளிக்கிறது. ஆனால் அதே வடிவில் காட்டுமாறு கேட்பதற்கு வடிவக்குறி இல்லை. உள்ளீட்டில் உள்ள உரிமை வெளியீட்டில் இல்லை எனலாம்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன. முதலாவது, ‘என்’ என்னும் வகைக்குறியை இட்டு, கணினியில் நிறுவப்பட்டுள்ள இந்திய வட்டார அமைப்பைப் பயன்படுத்துவது. இதன் விளைவு அந்தந்தக் கணினியின் அமைப்பைச் சார்ந்திருப்பதால் ஒரே நிரல் இரு கணினிகளில் இருவேறு அட்டவணைகளைத் தரக்கூடும். இரண்டாவது, பேபல் என்னும் நிரலகத்தைப் பயன்படுத்துவது. இது யூனிகோடு கூட்டமைப்பின் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியத்தைச் சார்ந்து இயங்குகிறது. அக்களஞ்சியத்தில் தமிழுக்குரிய குழுமுறை, வலக்கோடியில் மூன்று இலக்கங்களும் பின் இரண்டிரண்டாகவும் என வரையறுக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, ஆய்வாளரே சிறு செயற்கூறு எழுதிக்கொள்வது. எண்ணைச் சரமாக்கி, வலக்கோடி மூன்று இலக்கங்களைப் பிரித்தெடுத்து, எஞ்சியவற்றை வலமிருந்து இடமாக இரண்டிரண்டாகப் பிரித்து, இடையில் காற்புள்ளி இட்டு இணைத்தால் போதும். எதிர்ம எண்ணாயின் கழித்தல் குறியை முதலிலேயே நீக்கி இறுதியில் சேர்க்கவேண்டும்.

எம்முறையைப் பின்பற்றினாலும் ஓர் ஆய்வேடு முழுவதும் ஒரே குழுமுறை இருத்தல் இன்றியமையாதது. தமிழ்நாட்டு வாசகர் இலட்சக் கணக்கை எதிர்பார்ப்பர். சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் வாசகர் மில்லியன் கணக்குக்குப் பழகியவர். வாசகர் யார் என்பதை ஆய்வாளர் முடிவு செய்து அதை நிரலில் வெளிப்படையாக எழுதவேண்டும்.

5. பதின்ம எண்கள்: எத்தனை இலக்கங்கள்?

புள்ளிக்குப் பின் வரும் ஒவ்வோர் இலக்கமும் ஓர் உரிமைகோரல் ஆகும். இந்த அளவுக்குத் துல்லியமாக அறிவோம் என்று அது வாசகரிடம் கூறுகிறது. 23 பாடல்களில் 7 பாடல்கள் ஒரு குறிப்பிட்ட துறையைச் சார்ந்தவை எனக் கொள்வோம். இதன் விழுக்காட்டைக் கணினி 30.4347826 எனத் தொடங்கிப் பதினைந்துக்கும் மேற்பட்ட இலக்கங்களில் காட்டும். ஆனால் ஒரு பாடலின் துறையைப் பற்றிய கருத்து மாறினால் 7 என்பது 8 ஆகி, விழுக்காடு 34.8 ஆகிவிடும். ஒரே பாடல் நான்கு விழுக்காட்டுக்கு மேல் மாற்றத்தைத் தருமிடத்தில் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களுக்குப் பொருளில்லை. இங்கு ‘.0%’ என்னும் வடிவக்குறியே தகும். ‘23-இல் 7 (30%)’ என மூல எண்ணிக்கையையும் உடன் தருவது அதனினும் நன்று.

இலக்கங்களை மிகுத்துக் காட்டுவது பொய்த் துல்லியத்தைத் தரும். அளவின்றிக் குறைப்பதோ உள்ளதை இல்லாததாக்கும். தமிழ்க் கல்வெட்டுகளில் நில அளவுகள் கீழ்வாய் எண்களால் குறிக்கப்படுகின்றன. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அதிலும் 320-இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. இதன் பதின்ம மதிப்பு 0.000009765625 ஆகும். வடிவக்குறி இடாமல் அச்சிட்டால் பைத்தான் இதை அடுக்குக்குறி வடிவில், 9.765625 என்பதைப் பத்தின் எதிர்ம ஆறாம் அடுக்கால் பெருக்கியதாகக் காட்டும். ‘.4எஃப்’ இட்டால் 0.0000 என்று வரும். கல்வெட்டு பொறித்தவர் கணக்கில் எடுத்துக்கொண்ட நிலம் ஆய்வாளரின் அட்டவணையில் இல்லாமற் போகிறது. முன்னுரையில் கண்ட சொற்பரவல் அட்டவணையில் நிகழ்ந்ததும் இதுவே.

மிகச் சிறிய எண்களுக்கு இருவகைத் தீர்வுகள் உள்ளன. ஒன்று, அலகை மாற்றுவது. விகிதமாகத் தராமல் பத்து இலட்சம் சொற்களுக்கு எத்தனை எனத் தந்தால் 448.8, 351.7 என எண்கள் படிக்கத்தக்க அளவுக்கு வந்துவிடும். மற்றொன்று, புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை விடுத்துப் பொருளுடை இலக்கங்களை எண்ணுவது. ‘.3ஜி’ என்னும் குறி எண் எவ்வளவு சிறிதாயினும் மூன்று பொருளுடை இலக்கங்களைத் தாங்கும். ஆனால் மிகச் சிறிய எண்களை அது அடுக்குக்குறியில் காட்டும் என்பதையும், இறுதியில் வரும் சுழிகளை நீக்கிவிடும் என்பதையும் கருத்திற்கொள்ளவேண்டும்.

வேறுபாடுகளைக் காட்டும் அட்டவணைகளில் மற்றொரு விந்தை நேரும். −0.0004 என்னும் எண்ணை ‘.2எஃப்’ குறியால் வடிவமைத்தால் −0.00 என்று வரும். சுழிக்குக் கழித்தல் குறி ஏன் என்று வாசகர் மயங்குவர். பைத்தான் 3.11 முதல் ‘இசட்’ என்னும் குறியைத் துல்லியக் குறிக்கு முன் சேர்த்தால் இக்கழித்தல் குறி நீங்கும். ஆனால் குறைவு என்னும் செய்தியே ஆய்வுக்குத் தேவையாயின், குறியை நீக்குவதைவிட இலக்கங்களைக் கூட்டுவதே முறை.

6. முழுமையாக்கல் விதி

சரிபாதியாக வரும் எண்ணை மேல்நோக்கி முழுமையாக்குவது பள்ளியில் கற்கும் விதி. பைத்தானின் ரவுண்ட் செயற்கூறு 0.5-ஐச் சுழியாகவும், 1.5-ஐ 2 ஆகவும், 2.5-ஐயும் 2 ஆகவும், 3.5-ஐ 4 ஆகவும் மாற்றுகிறது. சரிபாதி எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு மாற்றும் விதியை அது பின்பற்றுகிறது. எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்கினால் பல எண்களின் கூட்டுத்தொகை சிறிது சிறிதாக மிகும். இவ்விதி அச்சாய்வைக் குறைக்கிறது. ‘.2எஃப்’ போன்ற வடிவக்குறிகளும் இவ்விதிப்படியே இயங்குவதால் 0.125 என்பது 0.12 என்றும் 0.375 என்பது 0.38 என்றும் வரும்.

2.675 என்பதை ‘.2எஃப்’ குறியால் வடிவமைத்தால் 2.67 என்று வருவதற்குக் காரணம் வேறு. இரட்டைப்படை விதிப்படியும் இது 2.68 ஆகவேண்டும். ஆனால் கணினி சேமித்திருப்பது 2.67499999999999982… என்னும் எண். அது சரிபாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால் கீழ்நோக்கி முழுமையாகிறது. இரண்டாம் பகுதியில் கண்ட சேமிப்பு முறையின் விளைவு இங்கே அட்டவணைக்குள் நுழைகிறது. எக்செல் விரிதாளின் ரவுண்ட் செயற்கூறு இதே எண்ணுக்கு 2.68 தருகிறது. ஆய்வாளர் விரிதாளிலும் வழிகாட்டி பைத்தானிலும் சரிபார்த்தால் இரு விடைகள் கிடைக்கும். இருவர் கணக்கிலும் பிழை இராது.

விதி ஐயமின்றி அமையவேண்டிய இடங்களில் டெசிமல் என்னும் கூற்றைப் பயன்படுத்தலாம். அது பதின்ம எண்ணைப் பதின்ம முறையிலேயே சேமிக்கிறது. எண்ணை அதனிடம் மேற்கோள்குறிக்குள் சரமாகத் தரவேண்டும். மிதவைப்புள்ளி எண்ணாகத் தந்தால் பழைய பிழையும் உடன் செல்லும். டெசிமலின் இயல்பான விதியும் இரட்டைப்படை விதியே. 2.665 அதன்படி 2.66 ஆகும். பள்ளி விதிப்படி 2.67 தேவையெனில் மேல்நோக்கு விதியை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும். எவ்விதி பின்பற்றப்பட்டது என்பதை அட்டவணையின் அடியில் ஒரு வரியில் குறித்தால் ஐயத்திற்கு இடமில்லை.

விழுக்காடுகளின் கூட்டுத்தொகை நூறாக அமையாதபோதும் இத்தகைய குறிப்பு உதவும். மூன்று சமப் பங்குகளை ஓரிலக்கத் துல்லியத்தில் காட்டினால் 33.3 என மும்முறை வந்து 99.9 ஆகும். நூறு வரவேண்டும் என்பதற்காக ஒரு பங்கை 33.4 என மாற்றுவது தரவைத் திருத்துவதாகும். முழுமையாக்கலால் கூட்டுத்தொகை நூறினின்று சற்று வேறுபடலாம் என்று எழுதுவதே நேர்மை.

7. தமிழ் எண்ணுருக்களும் தமிழ்ச் சொற்களும்

யூனிகோடில் தமிழின் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்ணுருக்களும், பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கான தனியுருக்களும் உள்ளன. தமிழ்ச் சுழி 2005-இல் வெளிவந்த 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. பைத்தானின் இன்ட் செயற்கூறு ‘௧௩௩௦’ என்னும் சரத்தை 1330 என்று சரியாகப் படிக்கும். ஆனால் மரபுவடிவமான ‘௲௩௱௩௰’ என்பதைப் பிழை எனத் தள்ளும். ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றின் உருக்கள் இடமதிப்பு முறையில் இலக்கங்களாக அமைவதில்லை என்பதே காரணம். சுவடிகளிலிருந்தும் பழம்பதிப்புகளிலிருந்தும் எண்களைத் திரட்டுவோர் இவ்வேறுபாட்டை நிரலில் தனியே கையாளவேண்டும்.

எண்ணைத் தமிழ் எண்ணுருவில் காட்டுவதற்கு வடிவக்குறி இல்லை. வழக்கமான முறையில் வடிவமைத்தபின், அச்சரத்தின் பத்து இலக்கங்களையும் உரிய தமிழ் உருக்களால் மாற்றவேண்டும். கீழ்வாய் எண்களுக்கு 2019-இல் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழ்த் துணைத்தொகுதி அமைக்கப்பட்டுள்ளது. அவற்றைக் கொண்டு கணக்கிட ஃபிராக்‌ஷன் கூறு பொருத்தமானது. அது தொகுதியையும் பகுதியையும் முழு எண்களாகவே வைத்திருப்பதால் மாவும் காணியும் கூடின் மாகாணி என்பது, அதாவது 1/20 உடன் 1/80 சேர்ந்தால் 1/16 என்பது, எள்ளளவும் பிழையின்றி வரும்.

எண்களைத் தமிழ்ச் சொற்களோடு நெடுவரிசையில் அடுக்கும்போது மற்றொரு சிக்கல் எழும். வடிவக்குறியின் அகலம் எழுத்துகளை எண்ணுவதில்லை. யூனிகோடு குறிப்புள்ளிகளை எண்ணுகிறது. ‘தமிழ்’ என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. பைத்தானின் கணக்கில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. ஆகவே பத்து இடம் ஒதுக்கினால் ஐந்து வெற்றிடங்களே சேரும். எண்களின் நெடுவரிசை வளைந்து நெளியும். தமிழ் எழுத்துருக்களில் எழுத்துக்கு எழுத்து அகலம் வேறுபடுவதால், எழுத்துகளைச் சரியாக எண்ணினாலும் சிக்கல் முற்றும் தீராது. வெற்றிடங்களால் வரிசைப்படுத்துவதை விட்டு, தத்தல் குறியால் பிரித்த கோப்பாக வெளியிட்டு அட்டவணை மென்பொருளில் அமைப்பதே நம்பத்தக்க வழி.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறை ஒழுங்கைப் பெறலாம். கணக்கீட்டின் எந்த இடைப்படியிலும் முழுமையாக்கல் கூடாது. முன்னுரையின் இரு விகிதங்களையும் 0.0004 என முழுமையாக்கியபின் பத்து இலட்சத்தால் பெருக்கினால் இரண்டும் 400 என்றே வரும். இழந்த வேறுபாட்டைப் பின்னர் எக்குறியாலும் மீட்க இயலாது. முழு எண்ணிக்கைகளையும் முழுத் துல்லிய விகிதங்களையும் ஒரு கோப்பில் காத்து, அட்டவணைக்கான சரங்களை அதிலிருந்து இறுதியில் மட்டும் உருவாக்கவேண்டும். இலக்கங்களின் எண்ணிக்கையைத் தரவின் அளவு முடிவு செய்யவேண்டும். குழுமுறை, முழுமையாக்கல் விதி, அலகு ஆகிய மூன்றையும் அட்டவணையின் அடியில் குறிக்கவேண்டும். விகிதத்தின் அருகே மூல எண்ணிக்கையைத் தரவேண்டும்.

இறுதியாகக் கூறியதே தலையாயது. 37, 29, 82,450 என்னும் மூன்று முழு எண்கள் அட்டவணையில் இருந்தால், வடிவக்குறி எவ்வளவு தவறாக அமைந்திருந்தாலும், படிப்பவர் விகிதத்தைத் தாமே கணக்கிட்டு வேறுபாட்டைக் கண்டுகொள்வார். தேவையெனில் புள்ளியியல் சோதனையையும் செய்துபார்ப்பார். 0.0004 மட்டும் இருந்தால் அவ்வாய்ப்பு அவருக்கு இல்லை.